தட்டினீர்களா, ஊதினீர்களா?

கேள்வி: மகன் நான்காம் ஆண்டு. வீட்டுச் சாமான்களில் ஓர் இசைக்கருவி செய்துவரச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு போத்தல்களில் தண்ணீர் விட்டுத் தட்டினோம். தண்ணீர் கூடினால் சுருதி ஏறும் என்று வீடியோவில் சொன்னார்கள். எங்களுக்கோ இறங்குகிறது. கடையில் விற்கும் செட்டை வாங்கிவிடலாமா? இரண்டு வயது மகளும் கிலுகிலுப்பை கேட்டு அழுகிறாள்.
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: வாங்காதீர்கள், தங்கச்சி. போத்தலிலும் பிழையில்லை, பிள்ளையின் காதிலும் பிழையில்லை. வீடியோக்காரர் ஊதியிருப்பார், நீங்கள் தட்டியிருக்கிறீர்கள்.

தட்டும்போது அதிர்வது கண்ணாடி. தண்ணீர் கூடினால் அதற்குப் பாரம் கூடி, சுருதி இறங்கும். ஊதும்போது அதிர்வது உள்ளே இருக்கிற காற்று. தண்ணீர் கூடினால் காற்றுக்கு இடம் குறைந்து, சுருதி ஏறும். ஒரே போத்தலைத் தட்டியும் ஊதியும் பாருங்கள். பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டையும் திரும்பச் செய்யுங்கள். ஒன்று இறங்க மற்றது ஏறும். மகனே செய்யட்டும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

பிளாஸ்டிக் போத்தல் தட்டுவதற்கு உதவாது. ஒரே அளவான ஐந்து கண்ணாடிக் கிளாஸ்கள் போதும். ச ரி க ப த, மோகனத்தின் ஐந்து ஸ்வரங்கள். எப்படி மாற்றித் தட்டினாலும் காதுக்கு உறுத்தாது. கிளாஸ்கள் ஒன்றோடொன்று முட்டாமல், மடித்த துவாயின் மேல் வையுங்கள். 'ச'வுக்குத் தண்ணீர் அதிகம். அடியில் விடும் தண்ணீரால் சுருதி அவ்வளவு மாறாது, மேல் பாதிக்கு வந்தபின் ஒரு கரண்டி தண்ணீரே வித்தியாசம் காட்டும். அதனால் அங்கே அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு மட்டத்திலும் டேப் ஒட்டிக் கோடு போட்டால், பாடசாலைக்கு வெறுங்கிளாஸைக் கொண்டுபோய் அங்கே நிரப்பலாம்.

இனி அந்த செட். மூங்கில் துண்டு, நாலு மணி, மினுங்கும் கடதாசி, கூடவே 'ஒட்டித் தருகிறோம்' என்ற உபகாரம். சில இடங்களில் டியூஷன் வாசலிலேயே வைத்து விற்கிறார்கள். ஒருமுறை ஒரு பாடசாலையில் நடுவராகப் போனேன். எட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்தது ஒரே கடைச் சாமான். பரிசு கிடைத்தது அதிகம் மினுங்கியதற்கு. ஒருவரும் அதைத் தட்டிப் பார்க்கவில்லை! அடுத்த வருடம் புலமைப்பரிசில் என்று இப்போதே பிள்ளையை வினாத்தாளில் பூட்டுகிறோம். கையால் செய்யச் சொன்னாலும் கடைக்கு ஓடுகிறோம். பொங்கலுக்குப் பட்டத்தில் விண் (காற்றில் ஒலி எழுப்பும், நாடா கட்டிய வில்) பூட்டி, நாடாவை இறுக்கியும் தளர்த்தியும் காதால் சரிபார்க்கிற வல்வெட்டித்துறைப் பொடியன்களுக்கு எந்தக் கடை செட் விற்றது?

சின்னவளுக்கு: சிறிய பால்மாப் பேணியில் ஒரு கை பயறு போட்டு மூடியைச் சுற்றி டேப்பை இரண்டு மூன்று சுற்று இறுக்கி ஒட்டுங்கள். வடிவாக இருக்கிறதென்று குண்டுமணி போடாதீர்கள், கடித்தால் நஞ்சு. மூடி கழன்றால் பயறும் தொண்டையில் சிக்கும், ஆகவே பக்கத்தில் நீங்கள் இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.