வாசகர் கேள்வி–பதில்: நீளக் கோடும் குட்டைக் கோடும்

கேள்வி: நிலவியல் செய்முறைத் தேர்வில் தரப்பட்ட வரைபடத்தில், வடக்கு தெற்காக ஒரு நீளக் கோடும், அதன் நடுவிலிருந்து கிழக்கே நீட்டிய ஒரு குட்டைக் கோடும், அருகில் 35 என்ற எண்ணும் இருந்தன. பாறை அடுக்கு வடக்கு நோக்கி 35 பாகை சாய்கிறது என்று எழுதினேன், மதிப்பெண் கிடைக்கவில்லை. எங்கே தவறினேன்?
– கல்லூரி மாணவி, பெரம்பலூர்

பதில்: கோடு நீளமாக இருந்தால் செய்தியும் அதில்தான் இருக்கும் என்று கண் நம்பிவிடுகிறது. சாய்வைச் சொல்வது குட்டைக் கோடுதான். ஆகவே அந்த அடுக்கு கிழக்கு நோக்கிச் சாய்கிறது.

ஓட்டு வீட்டுக் கூரையின் ஒரு பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுகள் முகட்டுக்கு இணையாக வரிசை வரிசையாகப் படிந்திருக்கின்றன. எந்த வரிசையை எடுத்துக்கொண்டாலும் அது ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. சாய்ந்த தளம் ஒன்றில் இவ்வாறு மட்டமாக ஓடும் திசையைத்தான் வகுப்பில் ஸ்ட்ரைக் என்கிறார்கள். நீளக் கோடு காட்டுவது அதையே. அதே கூரையில் விழுந்த மழைநீர் இறவாரத்தை நோக்கி நேராக இறங்கும் திசை டிப், அதாவது சாய்வு. இவ்விரண்டு திசைகளும் எப்போதும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில்தான் இருக்கும். 35 என்பது கிடைமட்டத்திலிருந்து கீழ்நோக்கி அளந்த கோணம். ஸ்ட்ரைக்குக்குத் தனியாக எண் எழுதாததற்குக் காரணம், கோடே அத்திசையில் வரையப்பட்டிருப்பதுதான்; வடக்கிலிருந்து பாகைமானி வைத்து நீங்களே அளந்துகொள்ளலாம்.

அடுக்கு முற்றிலும் மட்டமாகக் கிடந்தால் சாயும் திசை என்று ஒன்று இல்லை. அங்கே வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி இருக்கும். செங்குத்தாக நிற்கும் அடுக்குக்குக் குட்டைக் கோடு இருபுறமும் நீளும். தலைகீழாகப் புரண்ட அடுக்குக்குக் கொக்கி போல் வளைந்த குறி இடுவார்கள்.

ஒவ்வொரு குறியும், அவ்விரு கோடுகள் சந்திக்கும் புள்ளியில் யாரோ ஒருவர் திசைகாட்டியைப் பாறைமேல் வைத்து அளந்த அளவு. இரண்டு குறிகளுக்கு இடைப்பட்ட நிலம் வரைந்தவரின் ஊகம். அந்த ஊகத்தைச் சரிபார்க்க உங்கள் பகுதியே நல்ல இடம். 1862இல் பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்த, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலப் பாறைகள் அங்கே பொதுவாகக் கிழக்குப் பக்கமாக மெல்லச் சாய்கின்றன. அதனால்தான் மேற்கிலிருந்து கிழக்கே நடப்பவர் மூத்த ஊட்டத்தூர்ப் பாறையில் தொடங்கி இளைய அரியலூர்ப் பாறைக்கு வந்து சேர்கிறார். அடுக்குகள் புரளாத வரையில், சாயும் பக்கம் போகப் போகப் பாறையின் வயது குறையும். குட்டைக் கோட்டைத் தவறாகப் படித்துவிட்டீர்களா என்பதை பாறையின் வயதுக்கேற்ப வரைபடத்தில் தீட்டிய வண்ணங்களே காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: மேல்மடிப்புக் குறி இட்ட இடத்தில் உண்மையில் பள்ளத்தாக்கு இருக்கிறது. வரைபடம் தவறா?
– பள்ளி ஆசிரியர், தருமபுரி

பதில்: தவறில்லை. குறி சொல்வது பாறைக்குள் இருக்கும் வளைவை. மேட்டையும் பள்ளத்தையும் சொல்வது சம உயரக் கோடுகளின் வேலை. மேல்மடிப்பு என்பது இருபுறமும் இறங்கும் ஓட்டுக் கூரை போன்றது. முகடு ஓடும் திசையில் ஒரு கோடு வரைந்து, அதிலிருந்து இருபுறமும் விலகிச் செல்லும் அம்புகளை இடுவார்கள். தொட்டில் போல் கீழ்நோக்கி வளைந்த கீழ்மடிப்பில் அம்புகள் கோட்டை நோக்கி வரும். கோட்டின் முனையிலும் ஓர் அம்பு இருந்தால், முகடே அந்தப் பக்கம் தாழ்ந்து போகிறது என்று பொருள். கூரையின் உச்சி அரிக்கப்பட்டுவிட்டால் நடுவில் மூத்த பாறை வெளிப்படும். அது மென்மையானதாக இருந்தால் அங்கே பள்ளத்தாக்கு உருவாகும். இதற்கு நேர்மாறாக, வேல்ஸ் நாட்டின் ஸ்நோடன் சிகரம் ஒரு கீழ்மடிப்பில் அமைந்திருக்கிறது.

கேள்வி: இமயமலை வரைபடத்தில் தடித்த கோடுகளில் பல் பல்லாக முக்கோணங்கள் வடக்கு நோக்கி இருக்கின்றன. பாறை வடக்கே நகர்ந்தது என்று கொள்ளலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அம்பு என்று நினைத்துப் படித்தால் அப்படித்தான் தோன்றும், ஆனால் அவை அம்புகள் அல்ல. ஒரு பாறைத் தொகுதி மற்றொன்றின் மேல் ஏறி அமர்ந்த பிளவை அந்தக் கோடு குறிக்கிறது. மேலே ஏறிய தொகுதி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பற்களை இடுவது மரபு. இமயத்தின் முதன்மை மையப் பிளவு வடக்கே சாய்கிறது. அதன் வடபுறத்து உயர் இமயப் பாறைகள் தென்புறத்துப் பாறைகளின் மேல், தெற்கு நோக்கி ஏறியிருக்கின்றன. பற்கள் காட்டும் பக்கமும் பாறை ஏறிய திசையும் இங்கே எதிரெதிர்.

பக்கவாட்டில் நழுவிய பிளவுக்குக் கோட்டின் இருபுறமும் எதிரெதிரான அரை அம்புகள் வரும். கோடு முழுமையாக இருந்தால் இடம் உறுதியானது; விட்டு விட்டு இருந்தால் தோராயமானது; புள்ளிகளாக இருந்தால் வண்டலுக்கோ வேறு படிவுக்கோ அடியில் மறைந்திருக்கிறது. அணை, சுரங்கப்பாதை போன்ற பணிகளுக்கு வரைபடத்தைப் பார்ப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம்.

கேள்வி: பல்லாவரம் பகுதி வரைபடத்தில் குட்டைக் கோட்டுக்குப் பதிலாகச் சிறு முக்கோணம் இருக்கிறதே?
– ஓய்வு பெற்ற பொறியாளர், சென்னை

பதில்: அங்குள்ள சார்னோக்கைட் என்னும் பாறை அடுக்கடுக்காகப் படிந்தது அல்ல, பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆளானது. அதில் அளக்கப்படுவது கனிமங்கள் வரிசைப்பட்டு உருவான தகட்டமைப்பு. படிவு அடுக்கோடு குழம்பாதிருக்கவே வேறு குறி. படிக்கும் முறை ஒன்றுதான்: முக்கோணம் நீட்டும் பக்கம் சாய்வு, அருகில் உள்ள எண் அதன் கோணம். முக்கோணத்தின் வடிவம் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், ஓரத்தில் அச்சிட்டிருக்கும் குறி விளக்கத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.