ஆறுமணிக்குருவி – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஐப்பசி முதல் வாரம், மழை விட்ட விடியற்காலையில் எங்கள் கொல்லையில் ஒரு பறவை கிடந்தது. மஞ்சள் வயிறு, வாலடியில் சிவப்பு, முதுகில் பச்சை, சிறகில் நீலம். வால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. வழி தவறி வந்த அபூர்வப் பறவை என்றார் பக்கத்து வீட்டு சார். வீட்டுக்கு ஆகாது என்கிறார் மாமியார். சோறு வைத்தோம், தொடவில்லை. இப்போது கறிவேப்பிலை மரத்தடியில் தத்திக்கொண்டிருக்கிறது. கூண்டில் வைத்துக் காப்பாற்றலாமா?

செ., மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள செ.,

ஐப்பசி பிறந்தால் எனக்கும் அந்தப் பறவையின் நினைப்புதான். அது ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். இந்தியில் நவரங். சகுனத்தை விடுங்கள், உங்கள் மாமியாரோடு எனக்குச் சண்டை இல்லை. பக்கத்து வீட்டு சாரோடுதான்.

வழி தவறியது என்று அவருக்கு யார் சொன்னது? இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்துக்குத் தெற்கே தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை அது. பயணம் இரவில். கடலூர் அதன் பாதையில்தான் இருக்கிறது. அந்தப் பாதையில் மாடி கட்டி, கண்ணாடி பதித்து, விடிய விடிய விளக்கும் எரித்துவிட்டு, முட்டி விழுந்ததைப் பார்த்து 'பாவம், வழி தெரியல' என்கிறோம். நடுரோட்டில் லாரியை நிறுத்திவிட்டு, வந்து மோதிய சைக்கிள்காரரிடம் 'ஊருக்குப் புதுசா?' என்று கேட்பது மாதிரி.

1950களில் ஹாலந்தில் 11,000-க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங் பறவைகளை, அதாவது நம் மைனாவின் உறவுக்காரர்களைப் பிடித்து, ஸ்விட்சர்லாந்தில் கொண்டுபோய் விட்டார்கள். மூத்த பறவைகள் திசையைத் திருத்திக்கொண்டு வழக்கமான இடத்தை நோக்கிப் போயின. முதல் வலசை போன இளசுகளுக்குப் பிறவியிலேயே தெரிந்தது ஒரு திசைதான். அதே திசையில் போய் ஸ்பெயின் வரை இறங்கின. அவற்றைக்கூட வழி தவறியவை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திசை சரிதானே, கிளம்பிய இடத்தை மாற்றியது யார்?

சரி, கோபம் உங்கள் சார் மேல் மட்டும் இல்லை. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, திருப்பாதிரிப்புலியூர் வீட்டுத் திண்ணையில் இதே குருவி. காப்பாற்றுகிறேன் என்று கோழிக்கூடையைக் கவிழ்த்து, உள்ளே பொட்டுக்கடலையும் தண்ணீரும் வைத்தேன். ராத்திரி முழுக்கக் கூடையில் முட்டும் சத்தம். விடியும்போது சத்தமில்லை. அப்பா திட்டவில்லை. கெடிலக்கரைக்குக் கூட்டிப்போய், என்னையே குழி தோண்டச் சொன்னார். வாலடிச் சிவப்பு மட்டும் கொஞ்சமும் மங்காமல் இருந்தது.

கூண்டைப் பற்றி அல்லவா கேட்டீர்கள்? மூச்! சோறும் வேண்டாம், அது சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்னும். மரத்தடியைக் கொஞ்ச நாள் பெருக்காதீர்கள். பூனை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மோட்டார் போட வேண்டாம். சீழ்க்கை கேட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.