பதில்: நார்ஃபோக் ஸ்னெட்டிஷம் கரையில் பறவைகளே இல்லையே?

அக்டோபரில் நண்பகல் போய் வெறும் சேற்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியதாக எழுதியிருக்கிறீர்கள். இடம் சரிதான், நேரம்தான் பொருந்தவில்லை. ஸ்னெட்டிஷம் இருக்கும் இங்கிலாந்தின் வாஷ் விரிகுடாவில் கடல் உள்வாங்கும்போது நாட் உள்ளான்கள் என்ற கரைப்பறவைகள் சேற்றில் வெகுதூரம் போய் மேய்கின்றன. பெரிய ஓதம் (கடல் ஏற்றம்) சேற்றை மூடினால்தான், ஆயிரக்கணக்கில் எழும்பிக் கரையோரக் குட்டைகளுக்கு வரும்.

அமாவாசைக்கு ஓரிரு நாள் கழித்து, ஓத அட்டவணையில் உயரமும் பார்த்து, விடிவதற்கு முன்பே போய் நில்லுங்கள். பௌர்ணமியிலும் ஓதம் பெரிதுதான். ஆனால் ஐஸ்லாந்திலிருந்து குளிர்காலத்துக்கு வரும் இளஞ்சிவப்புக்கால் வாத்துகள் நிலா வெளிச்சத்தில் இரவிலேயே வயலுக்குப் போய்விடுவதுண்டு. விடியற்காலையில் வயலுக்குப் பறக்கும் வாத்துக் கூட்டம் குறைந்துவிடும். அந்தக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள், அந்தச் சத்தமே தனி! உள்ளான், வாத்து இரண்டையும் பார்க்க நவம்பர் நல்ல மாதம். அப்புறம், கார் நிறுத்துமிடத்திலிருந்து நடை நீளம், டார்ச் அவசியம்.