ராத்திரி சோலார் எப்படி ஓடும்?

கேள்வி: நவி மும்பை புது ஏர்போர்ட்ட பசுமை ஏர்போர்ட்னு சொல்றாங்களே, சோலார வச்சு ராத்திரி என்ன பண்ணுவாங்க?
- வாசகர், தென்காசி

பதில்: இதுக்கு கொச்சிக்காரங்க 2015லயே வழி கண்டுபிடிச்சிட்டாங்க. 45 ஏக்கர்ல 12 மெகாவாட்டுக்கு பேனல் போட்டு, முழுக்க சோலார்ல ஓடுற உலகத்தோட முதல் ஏர்போர்ட்னு பேர் வாங்கினாங்க, பகல்ல மிச்சமாகுற கரண்ட கேரள மின்வாரியத்துக்கு குடுத்துட்டு ராத்திரிக்கு அங்கேர்ந்தே திரும்ப வாங்கிக்கறாங்க, அவ்ளோதான். பேனல் கழுவுற தண்ணிய கூட விடல, அதுலயே பயறு, சேனைக்கிழங்கு, மஞ்சள்னு விவசாயம் நடக்குது! நவி மும்பைல சுமார் 47 மெகாவாட்னு திட்டம்.

கேள்வி: சரி, ஃப்ளைட் விடுற புகைக்கு என்ன வழி?
- வாசகி, மதுரை

பதில்: கரெக்டா புடிச்சீங்க. கூரைல எவ்ளோ பேனல் போட்டாலும் ஃப்ளைட் டேங்க்ல போறது பெட்ரோலிய எண்ணெய்தான். ஏர்போர்ட்டால ஒண்ணு பண்ண முடியும், கேட்ல நிக்கற ஃப்ளைட்டுக்கு ஏசி, லைட் வேணும்னு வால் பக்கம் ஒரு குட்டி எஞ்சின் எண்ணெய குடிச்சிட்டே ஓடும், ஏரோபிரிட்ஜ் (நாம ஃப்ளைட்டுக்குள்ள நடந்து போற பாலம்) பக்கத்துலேர்ந்து கரண்ட் கேபிளும் குளிர்காத்து குழாயும் மாட்டிட்டா அத நிறுத்திடலாம். மேல போனப்புறம் குறைக்கணும்னா சமைச்சு மிஞ்சின எண்ணெய், விவசாயக் கழிவு இதுலேர்ந்தெல்லாம் எடுக்கற எரிபொருள் வேணும். அதை சேமிச்சு வைக்க நவி மும்பைல தனி இடம் இருக்கு, ஆனா சர்வதேச ஃப்ளைட்டுங்களுக்கு இத கலக்கணும்னு நம்ம நாடு வச்சிருக்கற இலக்கே 2027ல 1 சதவீதம், 2030ல 5 சதவீதம்தான். மிச்சம் 95 அதே பழைய எண்ணெய், விளம்பரத்துல இத பெருசா போட மாட்டாங்க.

கேள்வி: சென்னைக்கு ரெண்டாவதா திட்டம் போட்டிருக்கற பரந்தூரும் பசுமை ஏர்போர்ட்டா வருமா?
- வாசகர், காஞ்சிபுரம்

பதில்: டெர்மினல் பசுமையா வரலாம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. நவி மும்பைலயும் டெர்மினல் தாமரை மாதிரி அழகாத்தான் இருக்கு, அதுக்கு முன்னாடி உல்வே மலைய வெடி வச்சு தரைமட்டமாக்கி, உல்வே ஆத்தையும் திருப்பி விட்டாங்க. பரந்தூர்ல ஏரிங்களும் வயலும் இருக்கு, பாலாத்து தண்ணிய ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கு கொண்டுபோற கம்பன் கால்வாய் அந்த இடம் வழியா போகுது, அங்க இருக்கற ஏகனாபுரம் கிராமத்துக்காரங்க 2022லேர்ந்து போராடுறது இதுக்கும் சேத்துத்தான். அதனால பேனல் எத்தனைன்னு கேக்கறதுக்கு முன்னாடி, ரன்வே வர்ற இடத்துல கால்வாய் எந்தப் பக்கமா திரும்பும், மழைக்காலத்துல அந்த தண்ணி எந்த ஊருக்குள்ள போகும்னு கேளுங்க.