யாரைப் பார்த்துச் சிரித்தோம்?

அன்புள்ள அக்காவுக்கு,

போன ஞாயிறு வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து 'இஞ்சி இடுப்பழகி' படம் பார்த்தோம். குண்டான ஒரு பெண்ணுக்கு அவள் அம்மா வரன் தேடுகிற கதை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். என் மகள் கொஞ்சம் பருமன். வேலைக்குப் போகிறாள். பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டாள். ராத்திரி கேட்டதற்கு, "நீ அந்தப் புள்ளையப் பாத்துச் சிரிச்சியா, அவங்கம்மாவப் பாத்துச் சிரிச்சியாம்மா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. ஒரு வருசமாக வரன் பார்க்கிறோம். ஜாதகம் சேர்கிறது, வந்து பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து பேச்சே இல்லை. நான் அவள் சோற்றைக் குறைக்கிறேன், மாமியார் எனக்குத் தெரியாமல் நெய் ஊற்றுகிறார். இப்படிப்பட்ட படத்துக்குச் சிரிப்பதே தப்பா? மாமியாரை என்ன செய்வது?

(பெயர் வேண்டாம், பெருந்துறை)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் கேட்டதுதான் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி. படம் வந்த 2015-ல் வந்த விமர்சனங்களில்கூட இவ்வளவு நேராக யாரும் கேட்டு நான் படிக்கவில்லை.

குண்டானவர் திரையில் நுழைந்தாலே சிரிப்பு என்பது நம் சினிமாவில் வெகுகாலப் பழக்கம். அப்படியே சிரிப்புக்குப் பயன்பட்ட உசிலைமணி, பிந்து கோஷ் இருவருமே நல்ல நடிகர்கள். பிந்து கோஷுக்கு ஒரு காதல் காட்சி, மனம்விட்டு அழ ஒரு காட்சி யாராவது எழுதியிருந்தால் எப்படி நடித்திருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எழுதவில்லை. அவர் உடம்பே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

'இஞ்சி இடுப்பழகி'யில் அந்த உடம்புக்குச் சொந்தக்காரிதான் கதாநாயகி. அனுஷ்கா பஞ்சு வைத்துக் கட்டிக்கொள்ளாமல் நிஜமாகவே எடையைக் கூட்டிக்கொண்டு நடித்தார். அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. மூச்சு வாங்குவதும், உட்கார்ந்து எழுவதும், பிடித்ததைச் சாப்பிடும்போது முகம் மலர்வதும் அவளுடையவையாகவே இருக்கின்றன. பெண் பார்க்க வரும் ஆர்யாவை அவளும் வேண்டாம் என்கிறாள். எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்த இடம் அது. நீங்கள் வயிறு வலிக்கச் சிரித்தது பெரும்பாலும் ஊர்வசிக்காகத்தான் இருக்கும். மகளுக்குக் கல்யாணம் ஆகவேண்டுமே என்று பதறுகிற அம்மா. அந்தப் பதற்றத்தைப் பார்த்துச் சிரிப்பதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் படம் எல்லா இடத்திலும் அவ்வளவு சுத்தமாக இல்லை; சில காட்சிகளில் அந்தப் பெண்ணைக் கேலி செய்தும் சிரிக்க வைக்கிறது. உங்கள் மகள் எழுந்து போனது அப்படி ஒரு இடத்திலாக இருக்கலாம். எந்த இடம் என்று அவளிடமே கேளுங்கள்.

பிற்பாதியில் பிரகாஷ் ராஜ் நடத்தும் எடை குறைப்பு நிலையம், அதற்கு எதிரான போராட்டம் என்று கதை வீட்டைவிட்டு வெளியே போய்விடுகிறது. சொல்வது சரிதான். பதினைந்து நாளில் இளைக்கலாம் என்று விற்கிற மாத்திரையும் மாவும் எத்தனையோ பேர் உடம்பைக் கெடுத்திருக்கின்றன. இருந்தாலும் அந்த நேரத்தில் ஊர்வசியும் மகளும் பேசிக்கொள்ளும் காட்சி இன்னும் நாலு வைத்திருந்தால் எனக்குப் போதும்.

ஏனென்றால் சிக்கல் வீட்டில்தான் இருக்கிறது. நம் கொங்குப் பக்கத்தில் பாசத்தை வாயால் சொல்ல மாட்டார்கள், சோறு போட்டுத்தான் சொல்வார்கள். "இன்னொரு வாய் உண்ணு சாமி" என்று ஒப்புட்டை (போளியை) இலையில் வைக்கிற அதே அத்தை, கை கழுவி வருவதற்குள் "ஏனம்மிணி, போன நோம்பிக்கு (பண்டிகைக்கு) இப்ப ஒரு சுத்து பெருத்துட்டியே" என்பார். இரண்டையும் அக்கறையோடுதான் சொல்கிறார். வாங்கிக்கொள்ளும் பெண்ணுக்கு மட்டும் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாது. வேண்டாம் என்றால் அத்தை மனம் நோகும், சாப்பிட்டால் பேச்சு வரும். உங்கள் வீட்டில் அந்த வேலையை இரண்டு பேர் பிரித்துச் செய்கிறீர்கள்.

உங்கள் மகள் ஒருத்திக்கு மட்டும் வந்ததும் இல்லை இது. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் எடை கூடியவர்கள். ஆண்களும் அதிகம் பின்னால் இல்லை, ஆனால் மாப்பிள்ளையின் எடையை யார் கேட்கிறார்கள்? தைராய்டு, மாதவிலக்குக் கோளாறு இருந்தாலும் எடை ஏறும். ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். கல்யாணத்துக்காகக் கூட்டிப்போகிறோம் என்ற பேச்சு மட்டும் வரவேண்டாம்.

மாமியாரை ஒன்றும் செய்ய வேண்டாம். நெய் இல்லாமல் அரிசிம்பருப்புச் சோறு அந்தத் தலைமுறைக்கு இறங்காது. ஒரு கரண்டி நெய்யில் வராத எடை, சாயங்காலம் பேக்கரியில் தேங்காய் பன்னிலும் பஃப்ஸிலும் வரும். நம் ஊர்களில்தான் தெருவுக்கு ஒரு பேக்கரி இருக்கிறதே. மாமியாருக்குக் கம்பஞ்சோறும் ராகிக்களியும் கொள்ளுப் பருப்பும் கைவந்த சமையலாக இருக்கும். வாரத்தில் சில நாள் அதைச் செய்யச் சொல்லுங்கள், வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து. மகளுக்கு மட்டும் தனித் தட்டு, தனி அளவு என்பது கூடவே கூடாது. ஒரு ஞாயிறு, இடியாப்பம் மாதிரியான நம் சந்தகை பிழியுங்கள். புழுங்கலரிசியை ஊறவைத்து, அரைத்து, இட்டிலியாக ஊற்றி, ஆவி பறக்கப் பறக்க அச்சில் போட்டு அழுத்த வேண்டும். ஆறிவிட்டால் இறுகிப்போய் இறங்கவே இறங்காது. ஒருத்தர் எடுத்துப் போட, ஒருத்தர் அழுத்த, ஒருத்தர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க என்று மூன்று பேருக்கும் வேலை இருக்கும். தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டு மூவரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அன்றைக்கு எடையைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டாம்.

வரன் விஷயம் ஒன்று பாக்கி. தரகரிடம் மகளின் இப்போதைய படத்தையே முழு உருவமாகக் கொடுங்கள். வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பவர்களுக்கு நீங்களாகப் போன் போட்டுக் கேட்காதீர்கள். அடுத்து ஒருவர் வருவதாகச் சொன்னால், வரச் சொல்லலாமா என்று முதலில் மகளிடம் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.

அன்புடன்.