மூன்று கிலோ பெட்டியும் முப்பது வாட்டும்

கேள்வி: ஐயா, என் கணவர் 1991-இல் வாங்கிய மியூசிக் சிஸ்டம் வீட்டில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரை நகர்த்தவே இரண்டு ஆள் வேண்டும். ஸ்பீக்கர் மேல் ‘2000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று ஸ்டிக்கர். இப்போது மகன் ஒரு பெட்டியை வாங்கச் சொல்கிறான். சி.டி., எஃப்.எம்., புளூடூத், பென் டிரைவ் எல்லாம் அதற்குள்ளேயே. எடை மூன்று கிலோ. கூடவே இரண்டு சின்ன ஸ்பீக்கர். ‘டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர், 30+30 வாட்’ என்கிறார்கள். விலை 38,000 ரூபாய். 2000 எங்கே, 30 எங்கே? ஏமாற்றுகிறார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைக்குடி

பதில்: ஏமாற்றியது பழைய ஸ்டிக்கர்தான் அம்மா. பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. ஒரு கணம், உச்சத்தில், எவ்வளவு போகலாம் என்று காகிதத்தில் கணக்குப் போட்டு எழுதிய எண் அது. அந்த நாளில் கும்பகோணத்தில் என் கடைக்கு ரிப்பேருக்கு வந்த ‘1000 வாட்’ டூ-இன்-ஒன்னைத் திறந்தால், உள்ளே 4440 என்று ஒரே ஒரு ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. (சின்னச் சிப்) உட்கார்ந்திருக்கும். ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட். அவ்வளவுதான் அதன் சரக்கு. பெட்டியின் பின்பக்கத் தகட்டில் மின்சாரச் செலவு 40 வாட் என்று அதே கம்பெனிதான் அச்சடித்திருக்கும். 40 உள்ளே போய் 1000 வெளியே வருமா? கேட்டால் வாடிக்கையாளருக்கு என் மேல்தான் கோபம் வரும்.

உங்கள் 30 வாட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். அது ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும் பவர்) கணக்கா, எத்தனை ஓம் (மின்தடை) ஸ்பீக்கரில், எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (ஓசைச் சிதைவில்) என்று மூன்றையும் கேளுங்கள். சின்ன சிஸ்டங்களில் பெரும்பாலும் 10 சதவீதம் என்று பொடி எழுத்தில் இருக்கும். 10 சதவீதம் என்றால் பாட்டு கரகரக்கும் நிலை. சுத்தமாகக் கேட்கும் அளவுக்கு அதில் கால் பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்புறமும் 22 வாட்டுக்கு மேல் நிற்கும். வீட்டில் உட்கார்ந்து கேட்க ஒன்றிரண்டு வாட்தான் செலவாகிறது. பவரை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு ‘இரண்டு மடங்கு’ என்று தோன்றப் பத்து மடங்கு பவர் வேண்டும். ஆகவே 30-க்கும் 60-க்கும் நடுவில் கடைக்காரர் காட்டும் விலை வித்தியாசம் பெரிதாக இருந்தாலும் காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும்.

சரி, மூன்று கிலோவில் இது எப்படி முடிகிறது? உங்கள் வீட்டில் அந்த நாளில் பெட்டி மாதிரிப் பெரிய ஃபேன் ரெகுலேட்டர் இருந்திருக்கும். வேகத்தைக் குறைத்தால் தொட முடியாத சூடு. ஃபேனுக்குப் போகாத மின்சாரத்தை அது வெப்பமாகத் தின்றது. பழைய ஆம்ப்ளிஃபயரும் அந்த ஜாதி. அதன் டிரான்சிஸ்டர் எப்போதும் பாதி திறந்த குழாய்தான். அந்தச் சூட்டை வெளியேற்ற அலுமினிய ஹீட் சிங்க், அதற்குத் தீனி போட ஐந்தாறு கிலோ டிரான்ஸ்ஃபார்மர். நீங்கள் தூக்க முடியாமல் திணறுவது இந்த இரண்டைத்தான்.

புதியதில் டிரான்சிஸ்டர் வெறும் சுவிட்ச். முழுசாகத் திறக்கும், இல்லாவிட்டால் முழுசாக மூடும். நொடிக்கு மூன்று நான்கு லட்சம் தடவை. திறந்திருக்கும் நேரம் கூடக் கூட ஓசை அலை மேலே போகும், குறைந்தால் கீழே இறங்கும். அடிபம்பில் தண்ணீர் குபுக் குபுக்கென்றுதான் கொட்டும். அதைத் தொட்டியில் விட்டுக் கீழே குழாய் வைத்தால் சீராக வரும் இல்லையா? இங்கே அந்தத் தொட்டி வேலையைச் செய்வது ஒரு காயிலும் ஒரு கண்டென்சரும். முழுத் திறனில் ஓடும்போது வாங்கும் மின்சாரத்தில் 90 சதவீதம் ஸ்பீக்கருக்கே போய்விடுகிறது. சூடு இல்லை, அதனால் எடையும் இல்லை.

யோசனை புதிதல்ல. 1950-களில் இங்கிலாந்துப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் சொன்னது. ஒலியை எண்ணாக மாற்றும் முறையை, இன்று சி.டி.யில் இருப்பதை, 1930-களிலேயே யோசித்தவரும் அவரேதான். 1964-இல் அதே நாட்டுக்காரர் கிளைவ் சின்க்ளேர் இந்த வகையில் ‘எக்ஸ்-10’ என்று ஒரு கிட் (நாமே பூட்டிக்கொள்ளும் பாகங்கள்) விற்றார். 10 வாட் என்றார்; வந்தது இரண்டரை வாட் போல. (வாட் விஷயத்தில் கை தாராளம் நம் ஊரில் மட்டும் இல்லை.) அந்தக் காலத்து டிரான்சிஸ்டருக்கு அத்தனை வேகமாகத் திறந்து மூட வரவில்லை.

இன்னொன்று. இந்த வகைக்கு ‘கிளாஸ் டி’ என்று பெயர். அந்த டி ‘டிஜிட்டல்’ அல்ல. ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்து. நிஜமாகவே டிஜிட்டல் என்று சொல்லத் தக்கவையும் உண்டு. சி.டி.யில் இருக்கும் நொடிக்கு 44,100 எண்களை நேராகவே அந்தத் திறந்து மூடும் துடிப்பாக மாற்றிவிடும். நடுவில் அனலாக் கட்டமே இருக்காது. பெட்டியில் ‘ஃபுல் டிஜிட்டல்’ என்று போட்டிருந்தால் அது இது. சாதாரண வகையும் நன்றாகச் செய்திருந்தால் குறை ஒன்றும் இல்லை. நான் இதற்காக ஐயாயிரம் கூடக் கொடுக்க மாட்டேன்.

எனக்கு உங்கள் பெட்டியைவிடக் கூடம்தான் கவலை. காரைக்குடி என்கிறீர்கள். ஆத்தங்குடிக் கல் தரை, உயரமான கூரை, வழவழச் சுவர் என்றால் எந்த ஆம்ப்ளிஃபயர் வைத்தாலும் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். முதலில் ஒரு பெரிய பவானி ஜமுக்காளம் விரியுங்கள். ஸ்பீக்கரை மூலையில் திணிக்காதீர்கள். பாஸ் (கனத்த அடி ஓசை) மட்டும் குடம் மாதிரி உருளும். சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி, உட்கார்ந்தால் காது உயரத்துக்கு வையுங்கள். பழைய ஸ்பீக்கரின் ஓம் புதுப் பெட்டிக்குப் பொருந்தினால் அதையும் மாட்டிக் கேளுங்கள். ஸ்பீக்கரில் பெரிய கூம்புக்கு ஈடு பெரிய கூம்புதான். மாட்டுவதற்கு முன் அடுத்த பதிலைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு ஸ்பீக்கருக்கும் மூன்று வயர்தான் சுவருக்குள் ஓடுகிறது, மைனஸ் பொது. புது டிஜிட்டல் சிஸ்டத்தை அதிலேயே இணைக்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டவே வேண்டாம். பழைய ஆம்ப்ளிஃபயரில் பெரும்பாலும் மைனஸ் என்பது பாடியோடு சேர்ந்த எர்த். புது டிஜிட்டல் சிஸ்டங்கள் பலவற்றில் பிளஸ், மைனஸ் இரண்டிலுமே ஓசை ஓடும். இரண்டு மைனஸையும் சேர்த்தால் ஷார்ட்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தங்கை மகன் வீட்டில், 34 வருட அனுபவம் என்ற மிதப்பில், பழைய மூன்று வயரிலேயே முறுக்கி மாட்டினேன். சிவப்பு விளக்கு மினுக்கி அணைந்தது. “மாமா, புத்தகத்தைப் பாத்துடலாமே” என்றான். “இதுக்கெல்லாம் எதுக்குடா புத்தகம்” என்று மறுபடி போட்டேன். இரண்டாவது தடவை விளக்கு மினுக்கவில்லை, வாசனைதான் வந்தது. புதுப் பெட்டிக்கான காசை நான்தான் கொடுத்தேன். நான்கு வயர் இழுங்கள்.

கேள்வி: அம்மா காலையில் பழைய டிரான்சிஸ்டரில் திருச்சி வானொலி 936 வைப்பார்கள். பக்கத்தில் புது சிஸ்டம் ஓடினால் ஒரே ‘கொர்ர்’. எது பழுது?
– வாசகர், துறையூர்

பதில்: இரண்டும் நன்றாகவே இருக்கின்றன தம்பி. புது சிஸ்டம் நொடிக்கு மூன்றரை லட்சம் தடவை திறந்து மூடினால் அதன் இரட்டிப்பு 700 கிலோஹெர்ட்ஸில் வரும், அடுத்தது 1050-இல். எல்லாம் மீடியம் வேவ் வீதிக்குள்ளேயே. காயிலும் கண்டென்சரும் சேர்ந்த வடிகட்டியில் தப்பிய மிச்சத்தை ஸ்பீக்கர் வயர் ஏரியல் மாதிரி பரப்புகிறது. அந்த வயரைக் குட்டையாக்கி முறுக்கி விடுங்கள். ரேடியோவை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் கம்பிக்குத் திசை உண்டு, ஒரு கோணத்தில் இரைச்சல் அடங்கும். அதுவும் ஆகாவிட்டால் அம்மா கேட்டு முடிக்கும்வரை உங்கள் சிஸ்டத்தை அணைத்து வையுங்கள்.

கேள்வி: எல்லாம் ஒன்றில் இருந்தால், ஒன்று போனால் எல்லாம் போகுமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: போகலாம். முதலில் போவது அநேகமாக சி.டி. லென்ஸ். நான் வாங்கிய முதல் பெட்டியில் இரண்டாம் வருடமே போனது. பாகம் இல்லை, பெட்டியையே மாற்றுங்கள் என்றார்கள். மாற்றவில்லை. பின்னால் ஆக்ஸ் துளை (வெளிக் கருவியின் ஓசையை உள்ளே கொடுக்கும் துளை) இருந்ததால் வேறொரு பழைய டிவிடி பிளேயரைச் செருகி இன்றும் கேட்கிறேன். ஆக்ஸ் துளையும், சாதாரண வயரை மாட்டும் ஸ்பீக்கர் முனைகளும் இருக்கிறதா என்று கடையிலேயே பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இல்லாததை இலவசமாகத் தந்தாலும் நான் வாங்க மாட்டேன்.