சந்தைக் குத்தகை

கேள்வி: கூகுள், வாட்ஸ்அப் எல்லாம் இலவசமாகத்தானே கிடைக்கின்றன? பிடிக்காதவர்கள் வேறு ஆப்புக்குப் போகட்டும். அதற்கு ஏன் ‘ஏகபோகம்’ என்று இத்தனை புலம்பல்? (வாசகர், ஈரோடு)

பதில்: உங்கள் கேள்வி எனக்கு வந்து சேர்ந்ததே ஜிமெயிலில்தான். சரி, அதை விடுங்கள்.

2024 மார்ச் 1 அன்று சென்னைக் கம்பெனியான பாரத் மேட்ரிமோனியின் ஆப்பை ப்ளே ஸ்டோரிலிருந்து கூகுள் தூக்கிவிட்டது. வேறு சில இந்தியக் கம்பெனிகளுக்கும் அதே கதி. என்ன குற்றம்? ஆப்புக்குள் கட்டும் பணத்தில் கூகுளுக்கு அப்போது 15 முதல் 30 சதவீதம் கமிஷன். வேறு வழியில் பணம் வாங்கவும் விட வேண்டும் என்று, சந்தையில் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2022-இல் உத்தரவிட்டது. விட்டார்கள், ஆனால் தங்கள் கல்லாவுக்கே வராத அந்தப் பணத்துக்கும் 11 முதல் 26 சதவீதம் கேட்டார்கள். கம்பெனிகள் கட்ட மறுத்தன. ஆப்பைத் தூக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்கவில்லை. மூன்றே வாரத்தில் ஆப் காலி.

வாரச் சந்தையிலும் குத்தகைக்காரர் சுங்கம் வாங்குகிறார். கத்தரிக்காய் விற்ற காசில் நூற்றுக்குப் பதினைந்து கேட்டுப் பார்க்கட்டும், அன்றைக்கே கைகலப்புதான்.

ப்ளே ஸ்டோர் இல்லாமலும் ஆப் போடலாமே என்பீர்கள். போடலாம். ‘தெரியாத இடத்திலிருந்து வருகிறது, ஜாக்கிரதை’ என்கிற தோரணையில் போன் மிரட்டும். செட்டிங்ஸுக்குள் போய் அனுமதி கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். மகளுக்கு வரன் தேடும் அப்பா அதற்குப் பிறகும் துணிவாரா?

மத்திய அரசு தலையிட்டதும் சில நாளில் ஆப்கள் திரும்பி வந்தன. அமைச்சர்வரை போக முடியாத சின்னக் கம்பெனி யாரிடம் போய் நிற்கும்?

தேடலுக்கு வருவோம். ஐபோனின் சஃபாரி பிரவுசரில் முதலிலேயே அமைத்து வைத்த தேடுபொறியாகத் தான் மட்டுமே இருக்க வேண்டும் என்பதற்காக 2022-இல் மட்டும் ஆப்பிளுக்கு கூகுள் கொடுத்தது சுமார் 2,000 கோடி டாலர். ஜனங்கள் தாமாகவே தேடி வருவார்கள் என்றால் இந்தப் பணம் எதற்கு? 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா இதைச் சட்டவிரோத ஏகபோகம் என்றே தீர்ப்பெழுதினார்.

அப்புறம் வாட்ஸ்அப். 2014-இல் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்கியபோது, உள்ளே இருந்த கோடிக்கணக்கான ஜனங்களையும் சேர்த்துத்தான் வாங்கியது. நீங்கள் தாராளமாக வேறு ஆப்புக்குப் போகலாம். மஞ்சள் மண்டி விலை வருகிற குரூப்பையும், சம்பந்தி வீட்டாரையும் கூடவே கூட்டிக்கொண்டு போக முடிந்ததா என்று மட்டும் எழுதுங்கள்.